முப்பத்தோராம் தளத்து ஆடுகளம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோயம்பேடு அடுக்ககத்தின் முப்பத்தோராம் தளத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிக்கிள்பால் ஆட்டம் இன்னும் முதல் புள்ளியைத் தாண்டாமல் நடந்துகொண்டிருந்தது.

வலைக்கு இந்தப் பக்கம் ஓர் இடங்காப்பான். அந்தப் பக்கம் இன்னொன்று. ஆள் உயரம், சாம்பல் நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சல்லடை போல ஓர் ஒலிபெருக்கி. வலது கை மணிக்கட்டோடு முடிந்து மட்டையாகியிருந்தது. துளைகள் போட்ட பிளாஸ்டிக் பந்து 'டொக்' என்று போனது, 'டொக்' என்று வந்தது. இரண்டில் எதுவும் ஓங்கி அடிக்கவில்லை, எதுவும் தவறவிடவுமில்லை. பலகையில் 0 – 0 என்று இருந்தது.

கம்பிவலைக்கு வெளியே அங்கயற்கண்ணியும் அவள் கணவன் சேந்தனும் மட்டைப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது.

"இங்க எப்ப முடியும்?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"ஆள் வர்றாங்க" என்றது இடங்காப்பான், பந்தை விட்டுத் திரும்பாமல்.

"எப்ப வருவாங்க?"

"வந்துகிட்டே இருக்காங்க."

சேந்தன் சிரித்துவிட்டான். "கல்யாணப் பந்தியில எங்க சின்னம்மா இப்படித்தான் நாலு இலையைப் பிடிச்சு வச்சுக்கிட்டுச் சொல்லும். பாயசம் போடுற வரைக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்க."

"சிரிக்காதீங்க. இது இன்னிக்கு ஏழாவது கோர்ட்டு."

நாலரைக் கோடிப் பேர் வாழ்ந்த அந்தச் சென்னையில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகளங்கள் மிஞ்சியிருந்தன. தரை என்பதே இல்லாமல் போன நகரத்தில் அத்தனை மிஞ்சியதே பெரிது. முன்னொரு காலத்தில் ஆட வருகிறவர்கள் வேலியோரத்தில் மட்டையைச் சாத்தி வரிசையில் இடம் பிடித்தார்கள். பிறகு மட்டையைச் சாத்திவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். அதன்பின் மட்டைக்குப் பதில் துண்டு வந்தது. துண்டைத் தூக்கி எறிந்து சண்டை வந்தபோது, துண்டுக்குப் பதில் எந்திரம் வந்தது. ஆட்ட நேரத்துக்கென்று இடப் பதிவகம் இரண்டே விதிகள் வைத்திருந்தது. ஆடுகளத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் பந்துச் சத்தம் நிற்கக் கூடாது. ஒருவர் பதினொரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது, வரிசையில் அடுத்தவர் உள்ளே வர வேண்டும். இடங்காப்பான்கள் இரண்டு விதிகளையும் அட்சரம் பிசகாமல் மதித்தன. பந்து நிற்கவில்லை. ஆட்டம் முடியவுமில்லை. பந்து விரிசல் விட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும் என்பதால், அதிலும் கணக்கு ஏறவில்லை.

உரிமையாளர்கள் எப்போது வந்து ஆடுகிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. நாம் இல்லாத நேரத்தில் வருகிறார்கள் போலும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அங்கயற்கண்ணிக்கு அப்படிப் பெருந்தன்மையாக நினைக்க நேரமில்லை. இன்னும் நாற்பத்திரண்டு நாளில் சேந்தன் நிலவுக்குப் போகிறான். அங்கே பனிச்சுரங்க மின்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலை. பதினோரு ஆண்டுகள். மாற்றல் உத்தரவு வந்தால் போக வேண்டியதுதான். மறுத்தால் வேலையும் இல்லை, வேலையோடு சேர்ந்த வீடும் இல்லை. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "திரும்பி வரும்போது எலும்பு இந்த எடையைத் தாங்காது. நடக்க வச்சுடுவோம். ஓடுறது, கையை வீசுறது எல்லாம் எதிர்பார்க்காதீங்க" என்றார்.

அன்று மாலை சேந்தன் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அங்கை, போறதுக்குள்ள உன்கூட ஒரு ஆட்டம் ஆடணும். பதினொண்ணு வரைக்கும். முழுசா."

அவர்கள் சந்தித்ததே அந்த ஆட்டத்தில்தான். மடிப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் அப்போது இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் வாகன நிறுத்தத்தில் மஞ்சள் நாடா ஒட்டி ஆடுகளம் ஆக்குவார்கள். அவள் அடித்த பந்து அவன் கண்ணாடியை உடைத்தது. "ஸாரி" என்று சொல்லாமல், "பந்து கோட்டுக்கு உள்ளதான் விழுந்துச்சு, புள்ளி எனக்கு" என்றாள். கண்ணாடி இல்லாமல் மீதி ஆட்டத்தை அவன் ஆடி, பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றான். தோற்றவன் அடுத்த வாரமும் வந்தான். இரண்டு வருடம் தோற்றபிறகு திருமணம் செய்துகொண்டான்.

இப்போது அவர்கள் வீடு நூற்று நாற்பது சதுர அடி. கையை நீட்டினால் சுவர். அதில் இருவரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் சமைக்கவும் தூங்கவும் பழகியிருந்தார்கள். மகள் நறுமுகைக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு இந்த அலைச்சல் புரியவில்லை.

"செவிமணியில ஆடிக்கலாமேப்பா. மூளைக்குள்ளயே எல்லாம் வரும். வேர்க்கக்கூட வேர்க்கும்."

காதுக்குப் பின்னால் பதித்த அந்தச் செவிமணியில் ஒரு நாள் ஆடிப் பார்த்தார்கள். கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. சேந்தன் பதினொன்றுக்கு மூன்று என்று ஜெயித்தான். அங்கயற்கண்ணி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"இது நீங்க இல்ல. நீங்க இவ்வளவு நல்லா ஆட மாட்டீங்க."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ ஒரு தடவைகூடச் சண்டை போடல."

மறுபடி தேடத் தொடங்கினார்கள். மருத்துவமனை மொட்டை மாடியில் நோயாளிகளுக்கென்று ஒரு களம் இருந்தது. அங்கே நோயாளிகளின் உறவினர்கள் வைத்த இடங்காப்பான்கள் ஆடின. பழைய விமான ஓடுபாதையில் பதினெட்டுக் களங்கள், முப்பத்தாறு இடங்காப்பான்கள். மூடிப்போன சுரங்கப்பாதை ஒன்றில் ரகசியமாக ஒரு களம் இருப்பதாகச் சேந்தனின் நண்பன் சொன்னான். போய்ப் பார்த்தால் இருட்டில் 'டொக், டொக்' என்று சத்தம் மட்டும் கேட்டது. இடங்காப்பான்களுக்கு விளக்கு எதற்கு?

இருபத்தொரு நாட்கள் போய்விட்டன.

அங்கயற்கண்ணி ஓய்வூதியத் துறையில் உயிர்ச்சான்றுப் பிரிவில் வேலை பார்த்தாள். எவ்வளவு காலம் மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆண்டுக்கொரு முறை ஓய்வூதியர் நேரில் வந்து, கண்ணாடித் தகட்டில் மூச்சுவிட்டு, தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஒரு மதியம் காலமானவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெயரில் அவள் விரல் நின்றது. ம. அருளப்பன், கோயம்பேடு. இந்தப் பெயரை முப்பத்தோராம் தளத்துக் கம்பிவலையில் தொங்கிய உரிமைப் பலகையில் படித்திருக்கிறாள். அருளப்பன் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதிவக விதிப்புத்தகத்தை அன்றே படித்தாள். உரிமையாளர் இறந்தால் இடம் ரத்து. அதைத் தெரிவித்து முறையிடுபவருக்கு முன்னுரிமை. அலுவலகக் கோப்பைச் சொந்தக் காரியத்துக்கு எடுப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். எடுத்தாள்.

முறையீடு எழுதிக் கொடுத்த ஐந்தாம் நாள் ஒரு பெண் அவள் அலுவலகக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"நான் பிலோமினா. அருளப்பன் பொண்ணு. நீங்கதானே எழுதிக் குடுத்தது?"

"ஆமா. இறந்தவர் பேர்ல இடம் இருக்கக் கூடாதுங்க."

"அப்பா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதாம்மா."

"ஞாபகம் வேணும்னா போட்டோ மாட்டுங்க. செத்துப் போனவருக்கு எதுக்குங்க கோர்ட்டு? உயிரோட இருக்கிறவங்க வெளிய நிக்கிறோம்."

பிலோமினா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருந்தப்பவும் அவரு ஆடல. கடைசி மாசத்துல மட்டும் கேட்டாரு. ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போ, ஆடிட்டு வர்றேன்னாரு. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

"ஏன்?"

பிலோமினா அவளைச் சிறு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "போகப் போக உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடியாத மனிதரை ஆடவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்திருப்பார்கள் என அங்கயற்கண்ணி நினைத்தாள். வீட்டுக்கு வந்து சேந்தனிடம் சொன்னபோது கொஞ்சம் அழுதாள். "எனக்கு வேற வழி தெரியலங்க" என்றாள். அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

ஒதுக்கீடு வந்தது, புறப்பாட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது. அருளப்பனின் இடங்காப்பான்கள் இரண்டும் பேர் மட்டும் மாற்றி அவர்களுக்கே வந்தன. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் போனார்கள். சேந்தன் சவரம் செய்துகொண்டு, திருமணத்துக்கு முன் வாங்கிய நீலச் சட்டையைப் போட்டிருந்தான். வயிற்றில் பொத்தான் இழுத்தது.

முப்பத்தோராம் தளத்தை மாலையில் அவர்கள் பார்த்ததில்லை. வரிசையாகப் பத்துக் களங்கள். ஒவ்வொரு களத்துக்கும் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உரிமையாளர்கள்! பிளாஸ்க், முறுக்கு டப்பா, விசிறி. தங்கள் இடங்காப்பான்கள் ஆடுவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் களத்துப் பெரியவர் எழுந்து வந்தார். தேவராஜுலு என்று பலகையில் பெயர் இருந்தது.

"புதுசா? அருளப்பன் எடமா? நல்ல எடம். கெழக்கு பாத்தது." பிறகுதான் அவர்கள் தோள்பையைக் கவனித்தார். "இன்னாது அது? மட்டையா?"

"ஆமாங்க. ஆடப்போறோம்" என்றான் சேந்தன்.

"ஆடவா?" பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பைத்தியம் கியித்தியம் புட்ச்சிருக்கா? பதினாலு வருஷமா வச்சிருக்கேன். நானே மட்டையத் தொட்டதில்ல."

அதற்குள் கம்பிக் கதவு திறந்தது. இடங்காப்பான்கள் பந்தைக் கையில் பிடித்து நிறுத்தின. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் களத்தில் சத்தம் நின்றது. இரண்டும் ஓரமாக ஒதுங்கி நின்றன. பதிவகத்தின் குரல் தலைக்கு மேல் கேட்டது.

"உரிமையாளர்கள் வந்துவிட்டார்கள். ஆடுவதானால் மூன்று நிமிடத்துக்குள் முதல் பந்தைப் போடவும். ஆட்டம் முடிந்ததும் இடம் வரிசையில் அடுத்தவருக்குச் செல்லும். காத்திருப்போர், ஐயாயிரத்து இருநூற்று எட்டு. தங்களின் அடுத்த முறை, சுமார் அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து."

வரிசையின் முதலில் இருந்த இரண்டு இடங்காப்பான்கள் பெஞ்சிலிருந்து எழுந்து கதவருகே வந்து நின்றன.

சேந்தன் எதையும் காதில் வாங்கவில்லை. எதிர்ப்பக்கம் ஓடிப்போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டான். மட்டையை விரல்களில் சுழற்றினான். "அங்கை! நீ போடு முதல்ல. இந்தத் தடவை கண்ணாடி இல்ல, உடைக்க முடியாது!" என்று கத்தினான். கண்ணுக்குள் பதித்த வில்லையைச் சுட்டிக் காட்டினான். இருபத்திரண்டு வயதுப் பையன் மாதிரி இருந்தான்.

அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கையை இறக்கிக் கீழிருந்து மேலாக ஒரு தட்டு. அவ்வளவுதான் வேண்டும். கதவருகே நின்ற இரண்டு சாம்பல் உருவங்களைப் பார்த்தாள். அவை யாருடையவையோ. இருபது நிமிடத்தில் இந்தக் களம் அந்த யாருக்கோ போய்விடும். இதற்காக அவள் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. கோப்பைத் திறந்தது, பிலோமினாவை அப்படிப் பேசியது. இருபது நிமிடத்துக்காகவா?

"இரண்டு நிமிடம்" என்றது குரல்.

"என்னங்க" என்றாள். "ஒரு நிமிஷம் இங்க வாங்க."

அவன் வலையருகே வந்தான்.

"இது போயிட்டா இனிமே கிடைக்காது."

"தெரியும். ஆடிட்டுப் போயிடலாம். அதுக்குத்தானே வந்தோம்?"

"நீங்க திரும்பி வந்து ஆடலாமே. அதுவரைக்கும் நம்ம பேர்லயே இருக்கட்டும்."

"அங்கை, டாக்டர் என்ன சொன்னாரு?"

"பதினோரு வருஷத்துல எவ்வளவோ மருந்து வந்துடும். அப்ப கை நல்லா இருந்து இடம் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

அவள் குரலை இறக்கினாள்.

"நறுமுகைக்கு ஆகுங்க."

அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்தப் பெயருக்குப் பிறகு நீண்டதில்லை. சேந்தன் களத்தைப் பார்த்தான். வெள்ளைக் கோடுகளை, கதவருகே நிற்கும் எந்திரங்களை, மறுபடி களத்தை. நாலரைக் கோடிப் பேர் உள்ள ஊரில், நாற்பத்து நான்கு அடி நீளமும் இருபதடி அகலமும். அவன் வீட்டைப் போல ஆறு மடங்கு. அவன் பார்வை மெல்ல மாறுவது அவளுக்குத் தெரிந்தது. சற்றுமுன் கோட்டுக்குப் பின்னால் நின்ற பையன் போய், ஒரு குடும்பத் தலைவன் வந்து நின்றான்.

"நாலு பக்கமும் சுத்தமாத்தான் இருக்கு" என்றான்.

"முப்பது நொடி" என்றது குரல்.

"காக்கச் சொல்லு" என்றான் சேந்தன்.

இடங்காப்பான்கள் உள்ளே வந்தன. டொக். டொக். வரிசையில் நின்றவை திரும்பிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தன. தேவராஜுலு இரண்டு டம்ளர்களில் காபி ஊற்றிக்கொண்டு வந்தார். "இப்பத்தான் வழிக்கு வந்திருக்கீங்க" என்றார். கிடைத்த அந்தக் கடைசி மாலையை அவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கழித்தார்கள். இந்தப் பக்கம் ஆடுவது நீ, அந்தப் பக்கம் நான் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். எழும்போது சேந்தன் கையில் இருந்த மட்டையை அவளே வாங்கிப் பையில் போட்டாள். மறுநாள் காலை அவன் போனான்.

மாதத்துக்கு ஒரு முறை நிலவிலிருந்து பேச மூன்று நிமிடம் கிடைக்கும். முதல் ஆண்டில் அவன், "உன் குரல் கேட்டாப் போதும்" என்று தொடங்கினான். நான்காம் ஆண்டில், "நறுமுகை எப்படி இருக்கா, இடம் எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஏழாம் ஆண்டில், "இடம் இருக்குல்ல?" என்பதே முதல் கேள்வியானது. "இருக்குங்க" என்று அவள் சொல்வாள். சொல்வதற்கு அதைவிட நல்ல செய்தி இருவரிடமும் இல்லை.

இதற்கிடையில் அவள் 'இடமுடையோர் நலச் சங்க'த்தில் சேர்ந்து, செயலாளர் ஆனாள். முறையிடுபவருக்கு முன்னுரிமை தரும் விதியை நீக்க வேண்டும் என்று பதிவகத்துக்கு முதல் மனு எழுதியது அவள்தான். கண்டவர்களும் கோப்பைப் புரட்டி அடுத்தவர் இடத்தைத் தட்டிப் பறிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தாள். விதி நீக்கப்பட்டது. இறந்தவர் இடம் இனி வாரிசுக்குச் சேரும் என்று புதிய விதி வந்தது. சங்கத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பதினோரு ஆண்டுகள் முடிந்து சேந்தன் திரும்பி வந்தான். இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு தாங்குசட்டகம் அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மருந்து எதுவும் வந்திருக்கவில்லை. இருவரும் ஞாயிறுதோறும் மாலையில் முப்பத்தோராம் தளத்துக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்க். ஒரு முறை அவன் கை மடியில் தன்னாலேயே இப்படியும் அப்படியும் அசைவதை அவள் பார்த்தாள். பந்து போகும் பக்கமெல்லாம் மணிக்கட்டு திரும்பியது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு காபியை ஊற்றினாள்.

அந்த ஆண்டு நறுமுகைக்கு வரன் பார்த்தார்கள். பெண்ணின் படிப்பு, வேலை, நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் கீழே, 'சொந்தத்தில் பிக்கிள்பால் இடம் உண்டு' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்கே பதினேழு பேர் வந்தார்கள். அதில் தாம்பரம் அடுக்ககத்து மாப்பிள்ளை வீடு ஒத்துவந்தது. பெண்ணைச் செவிமணியிலேயே பார்த்துவிட்டார்கள். இடத்தை மட்டும் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆறு பேர் வந்தார்கள். நறுமுகையும் வந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் நின்று, "இதுல எப்படி ஆடுவாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் சிரித்தாள். "தெரியாது. அம்மா கத்துக்க விட்டதில்ல. ஆசை வந்துடும்னு பயம்."

மாப்பிள்ளையின் அம்மா சுந்தரவல்லி விவரமானவர். கம்பிவலையை ஆட்டிப் பார்த்தார். கிழக்கு எது என்று கேட்டுக்கொண்டார். குனிந்து, வலைக்கு அருகே ஓடும் வெள்ளைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கோடு நேற்றுப் போட்டது போலப் பளிச்சென்று இருந்தது. இடங்காப்பான்களின் கால்கள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றே ஆடியதால், அந்த நாலு தேய்மானத்தைத் தவிரக் களம் முழுதும் மெருகு குலையாமல் இருந்தது. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நிமிர்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எல்லாத்தையும் கேட்டுக்கிறது நல்லது பாருங்க. இதுல யாரும் இறங்கி விளையாடலையே?"

சேந்தன் தாங்குசட்டகத்துக்குள் மெல்ல நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் அங்கயற்கண்ணி முந்திக்கொண்டாள். அவள் குரலில் இருந்தது பெருமைதான், வேறொன்றும் இல்லை.

"சேச்சே, ஒரு தடவைகூட இல்லைங்க."